ஒரு கிலோ கோலி: எந்த வேலைக்கு உதவும், எதற்கு வேறு பார்க்கலாம்

தெருமுனைப் பெட்டிக்கடையில் பத்து கோலி எண்ணி வாங்கிய காலம் பல ஊர்களில் போய்விட்டது. இப்போது இணையத்தில் தேடினால் ஐம்பது, நூறு என்று பொட்டலமாக வருகிறது, இல்லாவிட்டால் கிலோ கணக்கில். வழக்கமான 16 மில்லிமீட்டர் கண்ணாடிக் கோலி ஒன்று ஏறக்குறைய 5.4 கிராம் இருக்கும். அப்படியானால் ஒரு கிலோவுக்கு 185 கோலி. இரண்டு பிள்ளைகள் விளையாட முப்பது தாராளம். மீதி நூற்றைம்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. பூ ஜாடியில் போடு, மீன் தொட்டியில் போடு, இட்லிப் பானையில் போடு, பாத்ரூம் தரையின் வாட்டம் (சாய்வு) பார், தேனீக்குத் தண்ணீர் வை என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஆனால் இந்த வேலை ஒவ்வொன்றுக்கும் கோலிக்குப் போட்டியாக வீட்டிலேயே இன்னொரு பொருள் இருக்கிறது. கூழாங்கல், நாணயம், வலை, ரசமட்டம், இரும்புக் குண்டு. ஆகவே "கோலியால் முடியுமா" என்று கேட்பதைவிட "மற்றதைவிட கோலி மேலா" என்று கேட்பதே சரி. என் கணக்கு சுலபமானது. ஒரு வேலைக்கு உருண்டை வடிவம் உண்மையிலேயே தேவை என்றால் கோலி முந்தும். வெறும் எடைக்கோ இடத்தை அடைக்கவோ என்றால் அனேகமாக வேறு ஏதாவது முந்தும்.

முதலில் ஆட்டம்

கோலி, குண்டு, யாழ்ப்பாணத்தில் போளை. பெயர் எதுவானாலும் முதல் வேலை விளையாட்டுதானே. அதற்கும் கண்ணாடி, இரும்பு, கல், களிமண், பிளாஸ்டிக் என்று பலவகை உண்டு.

பிளாஸ்டிக்கைப் பேச்சிலிருந்தே எடுத்துவிடலாம். எடை இல்லாததால் மண்ணில் உருளாது, பட்டாலும் எதிரிக் கோலி அசையாது. களிமண் கோலி ஒரு காலத்தில் மலிவு என்பதற்காகவே ஓடியது. சீராக உருண்டையாக இராது, நாலு அடியில் விளிம்பு உதிரும். கல் கோலி அழகுதான். ஜெர்மனியின் ஈடார்-ஓபர்ஸ்டைன் ஊரில் நீர்ச்சக்கரத்தால் சுழலும் சாணையில் அகேட் கல்லைத் தேய்த்துச் செய்து உலகமெங்கும் அனுப்பினார்கள். இன்று அது சேகரிப்பவர்களின் சமாசாரம், விலையும் அப்படி.

ஆக உண்மையான போட்டி கண்ணாடிக்கும் இரும்புக்கும்தான். பழைய பேரிங்கை உடைத்தால் கிடைக்கும் குண்டை 'பால்ரஸ்' என்று பையன்கள் சொல்வார்கள். 16 மி.மீ. இரும்புக் குண்டு கிட்டத்தட்ட 17 கிராம், அதாவது கண்ணாடிக் கோலியைப்போல மூன்று மடங்கு. கேரம் ஆடுகிறவர்களுக்கு இந்த விகிதம் பழக்கமானது. அங்கே ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை போகலாம், காய் 5 முதல் 5.5 கிராம். கனமான ஒன்று லேசான ஒன்றை அடிக்கும்போது அடித்ததும் முன்னே போகும், அடிபட்டது இன்னும் வேகமாகப் பறக்கும். எடை சமமாக இருந்தால், நேராகப் பட்ட அடியில் அடித்தது வேகம் இழந்து அங்கேயே சுருண்டு நிற்கப் பார்க்கும், அடிபட்டது மட்டும் ஓடும்.

கேரத்தில் இரண்டு பேரின் ஸ்ட்ரைக்கருக்கும் ஒரே எடை வரம்பு என்பதால் அது நியாயம். கோலியில் ஒருவன் பையில் மட்டும் பால்ரஸ் இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. போதாததற்கு எதிராளியின் நல்ல பூக்கோலி சில்லுச் சில்லாகப் பெயரும். "பால்ரஸ் செல்லாது" என்று சிறுவர்கள் தாங்களாகவே விதி போட்டது சும்மா இல்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் வைல்ட்வுட்டில் நடக்கும் தேசியப் போட்டியிலும் அடிக்கும் கோலி உலோகமாக இருக்கக் கூடாது. பத்தடி வட்டத்தின் நடுவே 13 கோலியைக் கூட்டல் குறிபோல அடுக்கி, ஏழை முதலில் வெளியே தள்ளுகிறவர் ஜெயித்தார் என்பது அங்கே ஆட்டம். இங்கிலாந்தின் டின்ஸ்லி கிரீனில் 1932 முதல் புனித வெள்ளியை ஒட்டி நடத்தும் போட்டியில் ஆறடி வட்டத்தில் 49 கோலி.

அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுப் பொட்டலங்களில் கூடவே ஒன்றிரண்டு 25 மி.மீ. கோலி போட்டிருப்பார்கள். அது பெரிது, பார்வையாக இருக்கிறது என்று அதையே அள்ளி வாங்க வேண்டாம். மேல்நாட்டில் கைவிரல் முட்டியைத் தரையில் ஊன்றி, ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே கோலியை வைத்துக் கட்டைவிரலால் சுண்டுகிறார்கள். நாம் பெரும்பாலும் இடது கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, நடுவிரல் நுனியில் கோலியை வைத்து, வலது கையால் பின்னுக்கு வளைத்து விடுகிறோம். விசை முழுக்க அந்த ஒற்றை விரலின் வளைவில் இருந்து வருகிறது. 25 மி.மீ. கோலி 20 கிராம். அதை விரல் நுனியில் நிறுத்தி வைப்பதே கஷ்டம், சின்னப் பிள்ளையின் விரலுக்குக் கேட்கவே வேண்டாம். பேந்தாவோ குழி ஆட்டமோ எதுவானாலும் நம் கைக்கு 16 மி.மீ. போதும்.

கண்ணாடிக் கோலி இவ்வளவு மலிந்ததற்கு ஓர் இயந்திரம் காரணம். ஓஹையோவின் ஆக்ரனில் இருந்த மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உருகிய கண்ணாடியைத் துண்டாக வெட்டி, சுழலும் பள்ளங்களுக்கு இடையே உருள விட்டால் ஆறும்போதே அது உருண்டையாகிவிடும் என்பதுதான் இந்த வகை இயந்திரங்களின் சூட்சுமம். வெட்டிய இடம் சரியாக உருளாமல் ஆறினால் அங்கே ஒரு சப்பையோ வடுவோ தங்கும். மலிவுப் பொட்டலத்தில் இப்படி சில கட்டாயம் இருக்கும். வாங்கி வந்ததும் கண்ணாடி மேசையிலோ பெரிய டைல்ஸ் மீதோ மெதுவாக உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாமல் நொண்டுவதைத் தனியே எடுத்து வையுங்கள், அவற்றுக்கும் கீழே வேலை இருக்கிறது.

வாட்டம் பார்க்கக் கோலி போதுமா?

புது வீட்டுக்காரர்கள் பலர் செய்வது இது. டைல்ஸ் ஒட்டி முடித்ததும் பாத்ரூமில் ஒரு கோலியைப் போடுவார்கள். தண்ணீர் வடியும் ஜாலியை நோக்கி ஓடினால் கொத்தனார் நல்லவர், நடுவில் நின்றால் சண்டை.

இதில் கொத்தனார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இரண்டு டைல்ஸுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டு, பூச்சு துளி உள்வாங்கி இருக்கிறது என்று வைப்போம். 16 மி.மீ. கோலி அந்தக் கோட்டில் வந்து நின்றுவிட்டால் அது உள்ளே இறங்குவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான். கண்ணுக்கே தெரியாது. ஆனால் அங்கிருந்து அது தானாக வெளியே வர வேண்டுமென்றால் தரை பத்து டிகிரிக்கு மேல் சாய வேண்டும்! அப்படிச் சாய்ந்த பாத்ரூமில் யாரும் நின்று குளிக்க முடியாது. ஆகவே கோட்டில் நின்ற கோலியைக் காட்டிக் கூலியைப் பிடிக்காதீர்கள். ஒரே டைல்ஸுக்குள் வைத்துப் பார்த்தால் கோலி சொல்வது உண்மை. எந்தப் பக்கம் சாய்வு என்பதை அது துல்லியமாகக் காட்டும், எவ்வளவு சாய்வு என்பதைக் காட்டாது.

போட்டியாளர்களைப் பார்ப்போம். ரசமட்டம் வைத்தால் சாய்வு எவ்வளவு என்று தெரியும், ஆனால் அது வைத்த இடத்துக்கு மட்டும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய்) நீண்ட தூரத்துக்கு நல்லது, ஒட்டுவதற்கு முன்பே மட்டம் குறிக்க அதுதான் வேண்டும். ஒட்டிய பிறகு பார்க்கத் தண்ணீரைவிடச் சிறந்தது கிடையாது. நாலு மூலையிலும் ஒவ்வொரு சொம்பு ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். மெல்லிய ஈரப்படலம் எந்தத் தரையிலும் நிற்கும், அது குற்றமில்லை. குளமாக நிற்பதுதான் குற்றம். அப்புறம் கோலிக்கு என்ன வேலை? தேங்கிய இடத்தைத் துடைத்துவிட்டு, சுற்றியுள்ள ஒவ்வொரு டைல்ஸிலும் வைத்துப் பார்த்தால் எது எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பிடித்துவிடலாம். முழுத் தரையையும் பெயர்க்காமல் அந்த ஒன்றிரண்டை மட்டும் மாற்றச் சொல்லலாம். இதற்குக் கோலிக்கு இணை இல்லை. (நொண்டிக் கோலி இதற்கு ஆகாது, நல்ல உருண்டையாக எடுங்கள்.)

கழிவுநீர்க் குழாயில் கோலியை உருட்டிவிட்டு "வந்துவிட்டது, அடைப்பு இல்லை" என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். நாலங்குலக் குழாயில் ஒரு கோலி வெளியே வந்தால் கோலி அளவுக்கு வழி இருக்கிறது என்றுதான் அர்த்தம். முறையான சோதனையில் குழாயின் உள்விட்டத்தைவிட 13 மி.மீ. மட்டுமே குறைவான வழவழப்பான உருண்டையை மேலிருந்து விட்டு, அது கீழே வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மொட்டை மாடியில் கோலியை மறந்துவிடுங்கள். சொரசொரப்பில் அது உருளாது.

ஜாடி, தொட்டி, காக்கா

கண்ணாடி ஜாடியில் மூங்கில் செடியையோ மணி பிளான்ட்டையோ நிறுத்த அடியில் கோலி போடுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வெயில் பட்டால் மின்னும். நொண்டிக் கோலிகளுக்கு இங்கே இடம் கிடைக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். உருண்டைகளைக் கொட்டி நிரப்பினால் ஏறக்குறைய 60 சதவீத இடத்தை அவை பிடிக்கும், 40 சதவீதம் இடைவெளி. ஒரு லிட்டர் ஜாடியை நிரப்ப 16 மி.மீ. கோலி 280 வேண்டும், எடை ஒன்றரை கிலோ. நம் ஒரு கிலோ பை போதாது. தண்ணீருக்கு மிஞ்சுவது 400 மில்லி, அதனால் வெயில் காலத்தில் சீக்கிரம் வற்றும். தெளிந்த கண்ணாடி வழியாக வெளிச்சம் உள்ளே வரை போவதால் பாசியும் பிடிக்கும். கூழாங்கல்லும் இடத்தைக் கிட்டத்தட்ட அதே அளவு அடைக்கும், ஆனால் வெளிச்சம் உள்ளே போகாது, தண்டைச் சுற்றி உருளாமல் உட்காரும். அழகு மட்டும் போதுமென்றால் கோலி, செடி நன்றாக இருக்க வேண்டுமென்றால் கூழாங்கல்.

இன்னொன்று, டெங்கு. ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்தை ஒட்டிய ஈரச் சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் போதாது, உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் மட்டம் வரை கோலியோ கல்லோ இருந்தால் தேய்க்க வேண்டிய பரப்பு பல மடங்காகிறது. அடியில் இரண்டு அங்குலத்துக்கு மட்டும் போட்டு, மேலே வெறும் தண்ணீராக விடுவதே நல்லது.

மண் தொட்டியின் அடியில் வடிகாலுக்காகக் கோலி போடுவது வீண். கல் போட்டாலும் வீண்தான். கல் அடுக்குக்கு மேலே மண்ணில் ஈரம் தேங்குமே தவிர, தண்ணீர் வேகமாக வடியாது. அடியில் ஓட்டை இருந்தால் போதும்.

இந்த 40 சதவீத இடைவெளியை வைத்துத் தாகம் தீர்த்த காக்காவையும் சோதித்துப் பார்க்கலாம். பானையில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்குக்கும் கீழே இருந்தால், விளிம்பு வரை கல்லைப் போட்டாலும் தண்ணீர் இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும், மேலே வராது. காக்காவுக்குக் கிடைத்தது ஓரளவு நிரம்பிய பானையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஃபிலிம் கேமரா காலத்தில் இதே தந்திரத்தைப் புகைப்படக்காரர்கள் செய்தார்கள். டெவலப்பர் ரசாயனம் காற்றுப் பட்டால் கெடும். புட்டியில் பாதி தீர்ந்ததும் கோலியைப் போட்டு மட்டத்தைக் கழுத்து வரை ஏற்றிவிடுவார்கள். 100 மில்லியை ஈடுகட்ட 47 கோலி வேண்டும், ஒவ்வொரு முறையும் கழுவவும் வேண்டும். சின்னப் புட்டிக்கு மாற்றி ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது.

மீன் தொட்டியில் மட்டும் நிலவரம் வேறு. வரிக்குதிரை மீன், பார்ப் போன்றவை முட்டைகளைத் தூவிவிட்டுப் போகும், பிறகு தாங்களே தின்றும் விடும். அடியில் இரண்டு மூன்று அடுக்குக் கோலி பரப்பினால் முட்டை இடுக்கில் இறங்கிவிடும், மீன் வாய் எட்டாது. இங்கே உருண்டை வடிவம் நேரடியாக வேலை செய்கிறது. இடைவெளி சீராக இருக்கிறது, முட்டை எங்கேயும் தட்டில் நிற்பதுபோல் நிற்க இடமில்லை. கண்ணாடி தண்ணீரின் தன்மையையும் பெரிதாக மாற்றாது. பளிங்குக்கல் துண்டோ கிளிஞ்சலோ போட்டால் சுண்ணாம்பு கரைந்து கடினத்தன்மை ஏறும். கோலிக்கு ஒரே நல்ல போட்டி வலைதான். அடியிலிருந்து சற்று உயர்த்தி வலையைக் கட்டினால் சுத்தம் செய்வது சுலபம், ஆனால் ஓரத்தில் இடைவெளி விட்டால் மீன் கீழே புகுந்துவிடும். நிறையத் தொட்டி வைத்து வளர்ப்பவர்களுக்கு வலை, வீட்டில் ஒரு தொட்டியில் ஆசைக்கு முயல்பவர்களுக்குக் கோலி. சென்னை கொளத்தூர் பக்கம் மீன் வாங்கப் போனால் இரண்டில் எது தோது என்று கடைக்காரரையே கேளுங்கள், மீன் வகையைப் பார்த்துச் சொல்வார்.

தேனீக்கும் குருவிக்கும் தட்டில் தண்ணீர் வைத்து நடுவே கோலி போடுவதைப் படமாகப் பலர் பகிர்கிறார்கள். படத்துக்கு நன்றாக இருக்கிறது. தேனீக்குக் கால் பிடிப்புக்குச் சொரசொரப்பு தேவை. உடைந்த ஓட்டுத் துண்டோ கருங்கல் ஜல்லியோ போடுங்கள்.

அடுப்படிக்குள் வேண்டாம்

இட்லிப் பானையில் தண்ணீர் வற்றினால் தெரிய வேண்டும் என்று ஒரு நாணயத்தைப் போடுவது பழைய வழக்கம். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை கடகடவென்று ஆடும், சத்தம் நின்றால் தண்ணீர் போட வேண்டும். நாணயத்துக்குப் பதில் கோலி என்று சிலர் சொல்கிறார்கள். சத்தம் வரும், உண்மை. சிக்கல் அந்தச் சத்தம் நின்ற பிறகுதான். தண்ணீர் வற்றிப் பானை காய்ந்து, கோலியும் காய்ந்து இருக்கும் நேரத்தில் நாம் அவசரமாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றுவோம். சாதாரணக் கண்ணாடி அந்த அதிர்ச்சியைத் தாங்காது. கோலியைச் சூடேற்றிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு உள்ளே விரிசல் விடவைத்து அலங்காரத்துக்கு விற்கிறார்கள். நம் பானையில் நடப்பதும் அதேதான், சில நேரம் சில்லும் தெறிக்கும். நாணயமோ சின்ன எவர்சில்வர் மூடியோ அந்த வேலையை எந்த ஆபத்தும் இல்லாமல் செய்யும்.

பாலில் போட்டால் பொங்காது என்பதும் நம்பத் தகுந்தது அல்ல. வழவழப்பான கோலியால் பால் ஏட்டையும் நுரையையும் அடக்க முடியாது. தீயைக் குறைத்துவிட்டு நிற்பதுதான் வழி.

மாவடு மிதக்காமல் உப்புத் தண்ணீரில் அமுங்கி இருக்கக் கோலியைப் பாரமாக வைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பொம்மைக்காகச் செய்த வண்ணக் கண்ணாடி இது. புளிப்பும் உப்பும் மாதக்கணக்கில் படும் இடத்துக்காகச் செய்ததில்லை. ஜாடி வாய்க்குள் போகும் சின்னப் பீங்கான் தட்டு ஒன்று கவிழ்த்தால் எல்லா மாவடுவையும் ஒரே மாதிரி அமுக்கும்.

கோலி சோடாப் புட்டியின் குண்டு மட்டும் இதற்கு விலக்கு, ஏனென்றால் அது அதற்காகவே செய்தது. 1872இல் இங்கிலாந்தின் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற அந்தப் புட்டியில் வாயுவின் அழுத்தமே குண்டைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடுகிறது. கார்க்கோ தகர மூடியோ தேவையில்லை, புட்டியைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம். உருண்டை எப்படித் திரும்பினாலும் ஒரே மாதிரி அடைக்கும் என்பதால்தான் அங்கே குண்டு. அந்தக் குண்டுக்காகவே புட்டியை உடைத்த பையன்களால் கடைக்காரர்கள் பட்ட பாடு தனிக் கதை.

பீரோவை நகர்த்த அடியில் கோலி வைக்கும் யோசனை ஒன்றும் உலவுகிறது. மொத்தப் பாரமும் நாலைந்து புள்ளியில் இறங்கும், டைல்ஸ் விரியும், கோலி தெறிக்கும். நனைத்த கோணிச்சாக்கை மடித்துக் கால்களுக்கு அடியில் போட்டு இழுங்கள்.

எதற்கு வாங்கினாலும், வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் இந்த ஒப்பீடெல்லாம் பிறகு. 16 மி.மீ. உருண்டை தொண்டையை அப்படியே அடைக்கும் அளவு. பெரிதாக வாங்கினால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க விதிப்படி மூன்று வயதுக்குக் கீழானவர்களின் பொம்மைப் பந்து 44.4 மி.மீட்டரைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், 25 மி.மீ. கோலி அதற்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல். கீழ்த்தட்டில் இருக்கும் மூங்கில் ஜாடியும் இதில் சேர்த்திதான். அந்த வயது தாண்டும்வரை கோலியை இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் பரணில் வையுங்கள். பெரிய பிள்ளைகள் ஆட எடுக்கும்போது எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குங்கள்.